எங்கள் வீட்டு மாரியோ மெதுவாகத்தான் ஓடினான்

தீபாவளிக்கு மறுநாள் மஸ்கட்டிலிருந்து அண்ணன் ஒரு வீடியோ அனுப்பினான். ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, அதில் பழைய வீடியோ கேம்களை ஓட்டும் ரெட்ரோபை என்ற மென்பொருளை ஏற்றி, ஹால் டிவியில் மாட்டியிருக்கிறான். அவன் மகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சூப்பர் மாரியோ விளையாடுகிறாள். குழியில் விழுகிறாள், மறுபடி முதலிலிருந்து ஓடுகிறாள். முதல் தடவை பிள்ளையை மட்டும்தான் பார்த்தேன். இரண்டாம் தடவை போட்டபோது காதில் ஏதோ இடித்தது. பாட்டு வேகமாகப் போகிறது.

உடனே போன் பண்ணினேன்.

"அண்ணே, அதுல பாட்டு ஏன் இப்படி ஓடுது? நம்ம வீட்ல இப்படி இருக்காதே."

"மாரியோன்னா இதான் பாப்பா. யூடியூப்ல எதை வேணா போட்டுப் பாரு, இதே ஸ்பீடுதான். சின்னப் புள்ளைல பாத்தது எல்லாம் மெதுவா இருந்த மாதிரிதான் தெரியும். வயசாயிருச்சுல்ல."

யூடியூபில் பார்த்தேன். அவன் சொன்னது சரி, எல்லாமே அதே வேகம். ஆனாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எட்டு வருடம் வயலின் படித்தவள் நான். காலப்பிரமாணம் மாறினால் காது விடாது. அதுவும் அந்தப் பாட்டு. அதை விளையாடிக்கொண்டே கேட்டவள் இல்லை, சும்மா உட்கார்ந்து கேட்டவள். எங்கள் வீட்டில் எனக்கு இரண்டாவது ரிமோட். அண்ணனின் மாரியோ சாகிறவரை என் லூயிஜிக்கு முறை வராது, அண்ணனோ சீக்கிரம் சாகிற ஆள் இல்லை. இரண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட், செலக்ட் பட்டனும் கிடையாது, நிறுத்தி வைக்கக்கூட முடியாது. கையில் ரிமோட்டைப் பிடித்தபடி பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் என் வேலை. அப்படிக் கேட்டது தப்பாக நினைவிருக்குமா?

எங்கள் வீடியோ கேம் பெட்டியை 1994-ல் பெரிய மாமா சென்னை பர்மா பஜாரிலிருந்து வாங்கி வந்தார். திண்டுக்கல் நாகல்நகரில் எங்கள் தெருவில் அதுதான் முதல் வீடியோ கேம். கூடவே ஒரு மஞ்சள் கேசட். மேலே 9999999 இன் 1 என்று அச்சடித்திருக்கும். போட்டதும் கடற்கரை, பறவைகள் பறக்கும், அடியில் விளையாட்டுப் பட்டியல். அண்ணனும் நானும் நோட்டுப் போட்டு எண்ணினோம். உண்மையில் 20-க்குள்தான் இருக்கும். மற்றதெல்லாம் அதே விளையாட்டு, மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும், ஐந்தாம் கட்டத்திலிருந்து தொடங்கும், அவ்வளவுதான். கான்ட்ரா, டாங்கி, ரோட் ஃபைட்டர், சர்க்கஸ், பாம்பர்மேன். படம் வரவில்லை என்றால் கேசட்டைக் கழற்றி ஊதுவோம். (இப்போதும் ஊதுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். எச்சில் ஈரம் பட்டுப் பட்டுத்தான் அந்தச் செம்புப் பற்கள் கறுத்துப் போகின்றன. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும்.)

அந்தப் பெட்டி நிண்டெண்டோ செய்தது இல்லை என்பது எனக்குக் கல்லூரி முடித்த பிறகுதான் தெரியும். நிண்டெண்டோவின் அசல் பெட்டி ஃபேமிகாம். 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வந்தது. அதை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் மசாயுகி உஎமுரா. 2021 டிசம்பரில் அவர் காலமான செய்தியைப் படித்தபோது, முகம் பார்த்திராத அந்த மனிதருக்காக நான் அழுதேன். என் பள்ளிக்கூட விடுமுறைகள் முழுக்க அவர் போட்ட சர்க்யூட்டுக்குள்தான் கழிந்தன. ஆனால் அவர் சர்க்யூட் எங்கள் வீட்டுக்கு நேர்வழியில் வரவில்லை. தைவானின் யுஎம்சி நிறுவனம் அந்த சிப்புகளைப் பார்த்து நகல் சிப்புகள் செய்தது. அவற்றைக் கொண்டு ஊர் ஊருக்கு ஒரு பெயரில் பெட்டிகள் வந்தன. ரஷ்யாவில் டெண்டி, போலந்தில் பெகாசஸ், நம் ஊரில் பஜாருக்கு ஒரு பெயர்.

சரி, வேகத்துக்கு வருகிறேன். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி விநாடிக்கு 60 தடவை திரையை மேலிருந்து கீழே வரையும். இந்தியாவில், ஐரோப்பாவில் 50 தடவை. அந்தக் கால விளையாட்டுகளுக்கு விநாடி என்றால் என்னவென்றே தெரியாது. அவை திரை வரைகிற தடவையைத்தான் எண்ணும், அதைத்தான் ஃபிரேம் என்கிறோம். ஒரு ஃபிரேமுக்கு மாரியோ இத்தனை புள்ளி நகரவேண்டும், இந்த ஸ்வரம் இத்தனை ஃபிரேம் நிற்கவேண்டும் என்றுதான் உள்ளே எழுதியிருக்கும். 60-க்கு எழுதியதை 50-ல் ஓட்டினால் ஒரு நிமிடத்தில் முடியவேண்டியது 72 விநாடி எடுக்கும். ஓட்டம், தாவல், பாட்டு, எதிரி எல்லாமே சேர்ந்து ஒரே அளவில் மெதுவாகும். அதனால் விளையாடுகிற பிள்ளைக்கு எதுவும் குறையாகத் தெரியாது.

இது பெரிய ரகசியம் இல்லை. ஐரோப்பாக்காரர்கள் இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். எனக்கு வேண்டியது எங்கள் வீட்டுப் பெட்டிக்கான சாட்சி. பெட்டி பரணில் எங்கேயோ கிடந்தது, உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாது.

சாட்சி அம்மாவிடமிருந்து வந்தது. "சித்தி மகன் காதுகுத்துக்கு எடுத்த கேசட்ல நீங்க ரெண்டு பேரும் விளையாடுறது வருமே" என்றார். 1996 வைகாசி. எங்கள் வீட்டில்தான் விசேஷம். வீடியோக்காரர் உள்ளறைக்கு வந்து, ஒருவர் லைட்டைத் தூக்கிப் பிடிக்க, டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எடுத்தார். அந்த வெளிச்சத்தின் சூடு எனக்கு இன்னும் முகத்தில் இருக்கிறது. கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. ஸ்டூடியோவில் கொடுத்துச் சுத்தம் செய்து பென் டிரைவில் வாங்கினேன்.

அதில் 41-வது நிமிடத்தில் கேமரா டிவியை மட்டும் காட்டுகிறது. ஒன்பது விநாடிதான். மாரியோ ஓடுகிறான், மேலே வலது ஓரத்தில் நேரம் 287 என்று இருக்கிறது, 269 ஆகும்போது கேமரா அண்ணன் முகத்துக்குத் திரும்பிவிடுகிறது.

சூப்பர் மாரியோவில் அந்த நேர எண் விநாடிக் கணக்கு இல்லை. 24 ஃபிரேமுக்கு ஒன்று குறையும். நம் ஊர் வீடியோ விநாடிக்கு 25 படம். அப்படியென்றால் பெட்டி 50-ல் ஓடியிருந்தால் ஒவ்வொரு எண்ணும் வீடியோவில் சரியாக 12 படம் நிற்கவேண்டும். 60-ல் ஓடியிருந்தால் 10 படம். வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணினேன். 287 மாறியதிலிருந்து 286 மாறுகிறவரை 12. அடுத்தது 12. அதற்கடுத்தது 12. பதினெட்டு எண்ணுக்கும் சேர்த்து 216 படம். 60-ஆக இருந்திருந்தால் 180-தான் வந்திருக்கும். இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். அந்தக் காட்சியில் டிவி திரை ஆடாமல் அசையாமல் நிற்கிறது. 60-ல் வரைகிற திரையை நம் ஊர்க் கேமராவில் எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக மினுங்கும். இங்கே ஒரு மினுங்கலும் இல்லை. இரண்டும் ஒரே தாளத்தில் போயிருக்கின்றன.

இரவு ஒன்றரை மணி. அம்மா எழுந்து வந்து என்னடி இன்னும் தூங்கலையா என்றார். பன்னிரண்டும்மா, பன்னிரண்டு வந்திருக்கு என்றேன்.

அடுத்து லேப்டாப்பில் மெசன் எமுலேட்டரைத் திறந்தேன், பழைய பெட்டி மாதிரியே நடிக்கிற மென்பொருள் அது. அமைப்பில் என்டிஎஸ்சி (ஜப்பான், அமெரிக்க டிவி முறை) என்றிருந்ததை பால் (PAL) என்று மாற்றினேன். ஐரோப்பாவுக்கு நிண்டெண்டோ செய்த பெட்டியின் அமைப்பு அது. காலப்பிரமாணம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் சுருதி இறங்கிவிட்டது! அரைக் கட்டைக்கும் கொஞ்சம் கூடவே. காதுகுத்து வீடியோவில் சொந்தக்காரர்கள் சத்தத்துக்கு அடியில் கேட்கிற பாட்டோடு வைத்துப் பார்த்தேன். அது இறங்கவே இல்லை. எங்கள் பெட்டி அமெரிக்கப் பெட்டியும் இல்லை, ஐரோப்பியப் பெட்டியும் இல்லை.

காரணம் கடிகாரம். அந்தப் பெட்டிகளில் ஒலியின் சுருதி பிராசசரின் வேகத்தைப் பொறுத்தது. ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகளில் அது 1.79 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பியப் பெட்டியில் 1.66. அந்த வித்தியாசம்தான் சுருதியில் ஏழு சதவீதம் இறக்கிவிடுகிறது. மெசனில் மூன்றாவதாக ஒரு தேர்வு இருக்கிறது, டெண்டி என்று. அந்த ரஷ்யப் பெட்டியின் பெயர்தான். அதைத் தேர்ந்தெடுத்து ஓடவிட்டேன். 50 ஃபிரேம். பிராசசர் 1.77. சுருதி ஒரு சதவீதம்தான் குறைவு, காதுக்கு லேசில் தெரியாது.

வந்துவிட்டது. எங்கள் வீட்டு உள்ளறை, சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி, எல்லாம் வந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்ற மனமில்லாமல் முதல் கட்டத்திலேயே நெடுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

இருந்தாலும் எமுலேட்டர் சொல்வது போதாது, பெட்டியே சொல்லவேண்டும் என்று தோன்றிவிட்டது. பரணில் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் கிடைத்தது. அடாப்டர் இல்லை. கடையில் ஒரு 9 வோல்ட் அடாப்டர் கேட்டேன். முனையில் பாசிட்டிவ் உள்ளேயா வெளியேயா என்று கேட்டதற்கு, 9 வோல்ட் எல்லாம் ஒன்றுதான் என்று கொடுத்துவிட்டார்கள். ஒன்று இல்லை. ஃபேமிகாமுக்கு நடுவில் நெகட்டிவ் வரவேண்டும், எங்கள் பெட்டிக்கும் அப்படியே. கடையில் கொடுத்தது நடுவில் பாசிட்டிவ். சுவிட்சைத் தள்ளியதும் மெல்லிய டப் சத்தம், தீய்ந்த வாடை. அன்று முழுக்க நான் யாரோடும் பேசவில்லை.

அப்பா பூட்டுப் பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்தவர். அவர் போன பிறகும் அவருடைய திருப்புளி, சின்ன அரம், இடுக்கி எல்லாம் அதே தகரப் பெட்டியில் இருக்கின்றன. அந்தத் திருப்புளியால்தான் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஐந்து ஸ்க்ரூ. உள்ளே பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. பின்னாளில் வந்த மலிவுப் பெட்டிகளில் எல்லாமே ஒரு கறுப்புப் பிசின் சொட்டுக்கு அடியில் புதைந்திருக்கும், ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் பெட்டியில் நாற்பது கால் உள்ள இரண்டு பெரிய சிப்புகள் அடுத்தடுத்துப் படுத்திருந்தன. தூசியைத் துடைத்துப் படித்தேன். யுஏ6527பி, அது பிராசசர். யுஏ6538, அது படம் வரைகிற சிப். பக்கத்தில் வெள்ளித் தகடாக கிரிஸ்டல், அதன் மேல் 26.601. அதை 15-ஆல் வகுத்தால் 1.77. டெண்டிக்கு எமுலேட்டர்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு அப்படியே எங்கள் பரணில் இருந்திருக்கிறது.

இந்த 6538 சிப்பைப் பற்றி ஒரு பத்தி சொல்லாமல் விட மாட்டேன். 60-க்கு எழுதிய விளையாட்டை 50-ல் சும்மா ஓட்டிவிட முடியாது. அமெரிக்கப் பெட்டி ஒரு ஃபிரேமுக்கு 262 வரி வரையும். கடைசிப் பகுதியில் 20 வரி அளவு நேரம் படத்தை நிறுத்தி, "இப்போது உன் வேலையை முடித்துக்கொள்" என்று விளையாட்டுக்குச் சொல்லும். சில விளையாட்டுகள் அந்தச் சைகை வந்ததிலிருந்து எண்ணி, சரியாக இத்தனையாவது வரியில் திரையை மாற்றுகின்றன. நம் டிவிக்கோ 312 வரி வேண்டும். நிண்டெண்டோ தன் ஐரோப்பியப் பெட்டியில் ஓய்வு நேரத்தை 70 வரியாக நீட்டியது. அதில் ஜப்பான் கேசட்டைப் போட்டால் எண்ணிக்கை பிசகும், படம் கிழியும். நகல் சிப் செய்தவர்கள் வேறு வழி பார்த்தார்கள். படம் முடிந்ததும் 51 வரி சும்மா ஓடவிட்டு, அதன் பிறகு சைகையைக் கொடுத்தார்கள். சைகையிலிருந்து அடுத்த படம் வரை அதே 20 வரி. விளையாட்டுக்குத் தான் ஜப்பானில் இல்லை என்பதே தெரியாது. உஎமுராவின் வேலையைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்பதை நான் மறைக்கவில்லை, அது தப்புத்தான். ஆனால் அந்த 51 வரியை யோசித்தவர் யாராக இருந்தாலும் அவர் கைக்கு நான் கடன்பட்டவள்.

பழுது நான் பயந்த அளவு இல்லை. தலைகீழாகப் பாய்ந்த மின்சாரத்தை, வோல்ட்டைச் சீராக்கும் 7805 ரெகுலேட்டரும் அதற்கு முன்னால் இருந்த 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தாங்கள் வாங்கிக்கொண்டு செத்திருந்தன. சிப்புகள் பிழைத்துவிட்டன. இரண்டையும் மாற்றி, இனி யார் எந்த அடாப்டரைச் சொருகினாலும் உள்ளே போகாதபடி வாசலில் ஒரு 1என்4007 டயோடும் வைத்தேன். பழைய பெட்டி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் முதலில் செய்யவேண்டிய வேலை அந்த டயோடு. சில ரூபாய்தான்.

அடுத்தது படம். ஆன்டெனா வயர் வழியாக வருகிற சிக்னலை இப்போதைய டிவி பனிமூட்டமாகத்தான் காட்டியது. 6538-ன் 21-வது காலில் முழுப் படமும் வருகிறது. ஆனால் அந்தக் காலுக்கு டிவியின் 75 ஓம்ஸ் சுமையை இழுக்கிற தெம்பு இல்லை, நேராக இழுத்தால் படம் இருண்டுவிடும். நடுவில் ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் போட்டு மஞ்சள் ஏவி வயருக்குக் கொண்டுவந்தேன். ஈயம் வைக்கும்போது கை நடுங்கியது. முப்பது வருடப் பலகை, சூடு கொஞ்சம் அதிகமானால் செம்புக் கோடு உரிந்து வந்துவிடும்.

எல்இடி டிவியில் படம் வந்தது, மனசு நிறையவில்லை. பழைய பிக்சர் ட்யூப் டிவி தேடினேன். எங்கள் டயனோரா எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எழுபது வயது டிவி மெக்கானிக் ஒருவர் 14 இன்ச் செட் ஒன்றைத் தூசியோடு வைத்திருந்தார். பின்பக்கம் திறந்து சுத்தம் செய்யட்டுமா என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார்.

"தாயி, ஆஃப் பண்ணி வெச்சிருந்தாலும் அதுக்குள்ள கரண்டு நிக்கும். இந்த ரப்பர் மூடிக்கு அடியில இருக்கு பாரு, அது 20,000 வோல்ட்டைத் தாண்டும். நான் எறக்கிக் காட்டுறேன், பக்கத்துல நின்னு பாரு. தனியா மட்டும் தொடாத."

"சரிங்கய்யா."

நீண்ட திருப்புளியில் வயரைக் கட்டி, மறுமுனையைச் சேசிஸில் கவ்வவிட்டு, மூடிக்கு அடியில் மெதுவாக நுழைத்தார். டிக் என்று ஒரு சத்தம். அவர் சொன்னதையே இங்கே நானும் சொல்கிறேன்: பிக்சர் ட்யூப் டிவியின் உட்பக்கத்தைத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

அந்த டிவியில் முதலில், பெட்டியோடு விளையாட்டுத் துப்பாக்கியை மாட்டி, வாத்து சுடும் விளையாட்டு விளையாடினேன். எல்இடியில் அது ஒருநாளும் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையிலுள்ள கண் அந்த வெளிச்சத்தை அந்தக் கணத்திலேயே பார்த்தாக வேண்டும். புது டிவிகள் படத்தைக் கொஞ்சம் தாமதித்துத்தான் காட்டும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பிறகு மஞ்சள் கேசட். கடற்கரை வந்தது, பறவைகள் வந்தன. மாரியோவைத் தொடங்கி, அவனை நகர்த்தாமல் முதல் இடத்திலேயே நிற்கவிட்டேன், எதிரி எதுவும் அங்கே வராது. ஸ்டாப் வாட்சைப் பிடித்தேன். 400-லிருந்து 300-க்கு இறங்க 48 விநாடி.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, நீயும் உன் பெட்டில மாரியோவ அப்படியே நிக்க வெச்சு 400-லேர்ந்து 300 வரைக்கும் எண்ணு." ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டான். 40 என்றான். நான் 48 என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு காதுகுத்து வீடியோவை அனுப்பச் சொன்னான். அதைப் பார்த்துவிட்டு அவன் வேகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்பா பின்னாடி கதவுகிட்ட நிக்கிறாரு பாத்தியா" என்றான். படங்களை எண்ணுவதிலேயே இருந்ததால் நான் பார்த்திருக்கவில்லை.

அவன் பெட்டியை மாற்றுவதற்கு வழி சொன்னேன். ரெட்ரோபைக்குள் இந்த விளையாட்டுகளை ஓட்டுகிற எஃப்சிஇயுஎம்எம் கோரின் அமைப்பில் ரீஜனை டெண்டி ஆக்கவேண்டும். அது மட்டும் செய்தால் படம் விட்டு விட்டுத் துள்ளும், ஏனென்றால் ராஸ்பெர்ரி பை டிவிக்கு 60-ல்தான் படம் அனுப்பிக்கொண்டிருக்கும். ஹெச்டிஎம்ஐயை 720பி, 50-க்கு மாற்றவேண்டும், கான்ஃபிக் கோப்பில் குரூப் 1, மோட் 19. முதல் நாள் துள்ளுகிறது என்று திட்டினான். இரண்டாம் நாள் இரவு கூப்பிட்டான், ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. போனை டிவி பக்கத்தில் வைத்துவிட்டான். பாட்டு வந்தது, நிதானமாக, சுருதி இறங்காமல்.

பின்னால் பிள்ளையின் குரல்: "அப்பா, ஏன் ஸ்லோவா போகுது?"

"இது அத்தை வீட்டு மாரியோம்மா."

மே லீவுக்கு வருகிறார்கள். அதற்குள் இரண்டாவது ரிமோட்டில் பி பட்டனுக்கு அடியில் இருக்கும் கார்பன் ரப்பர் ஒன்று கிடைக்கவேண்டும். பழசு தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.